இன்ஜின் மாற்றிய பிக்கப்புக்கு எந்த முன் ஸ்பிரிங்?

அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே இன்ஜின் மாற்றுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த வண்டிகளில் ஒன்று செவ்ரோலே எஸ்-10. 1982 மாடலாக வந்த இந்தச் சின்ன பிக்கப்பை நிறுவனம் நான்கு சிலிண்டர் இன்ஜினோடும் வி6 இன்ஜினோடும்தான் விற்றது. 2004இல் உற்பத்தி நிற்கும்வரை வி8 தரவே இல்லை. நிறுவனம் தராததை வாங்கியவர்கள் தாங்களே போட்டுக்கொண்டார்கள். 1955 முதல் செவ்ரோலே வார்த்துத் தள்ளிய சிறிய வி8, எந்தக் காயலான் கடைக்குப் போனாலும் கிடைக்கும். அதை எஸ்-10இல் உட்கார வைக்கத் தேவையான இன்ஜின் தாங்கி, ரேடியேட்டர், புகைக்குழாய் எல்லாம் ஆயத்தமாகவே விற்கின்றன. வேலை முடிந்து, ஜாக்கியை இறக்கி, வண்டி தரையில் உட்கார்ந்ததும் முன்பக்கம் தணிந்து நிற்கும். ஸ்பிரிங் பற்றிய நினைப்பு பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. உடனே எழும் கேள்வி: இன்னும் எவ்வளவு விறைப்பான ஸ்பிரிங் போடலாம்?

கேள்வியிலேயே கோணல் இருக்கிறது. ஒரு காயில் ஸ்பிரிங்குக்கு இரண்டு தனித்தனிக் குணங்கள் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட நீளத்துக்கு அமுங்கி நிற்கும்போது அது தாங்கும் பளு. மற்றொன்று, அங்கிருந்து இன்னும் ஒரு மில்லிமீட்டர் அமுக்கக் கூடுதலாகத் தேவைப்படும் விசை, அதாவது விறைப்பு. வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்பதை முதலாவது தீர்மானிக்கிறது. ஓடும்போது எப்படி ஆடும் என்பதை இரண்டாவது. இன்ஜின் மாற்றத்தால் நேரடியாக மாறுவது பளுதான். விறைப்பு மாற வேண்டுமா, எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் புது ஸ்பிரிங் போட்ட வண்டிகள் பாதி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

எடை எவ்வளவு கூடியது?

இன்ஜின்களின் எடை என்று புழங்கும் எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. முழுக்க வார்ப்பிரும்பான செவ்ரோலே சிறிய வி8 சுமார் 260 கிலோ என்பார்கள். ஆனால் அதில் ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர், ஃப்ளைவீல், ஏசி கம்ப்ரசர் சேர்த்தியா இல்லையா என்பதைச் சொல்ல மாட்டார்கள். எண்ணெயும் குளிர்நீரும் பெரும்பாலும் கணக்கிலேயே வராது. இரண்டு இன்ஜின்களை ஒப்பிடும்போது ஒன்றைத் துணைக்கருவிகளோடும் மற்றதை மொட்டையாகவும் எடுத்துக்கொண்டால், கிடைக்கும் வித்தியாசத்துக்கு அர்த்தம் இல்லை.

எல்லா மாற்றமும் எடையைக் கூட்டுவதும் இல்லை. 1997 கார்வெட்டில் அறிமுகமான எல்எஸ் வகை வி8 அலுமினிய பிளாக் கொண்டது. செவ்ரோலேயின் பழைய சி10 பிக்கப்பிலிருந்து இரும்பு வி8ஐ எடுத்துவிட்டு இதை வைத்தால் முன்பக்கம் 50 கிலோ அளவுக்கு இளைக்கும். அதே குடும்பத்தில் 1999 முதல் பிக்கப்புகளுக்கென்று வந்த 5.3 லிட்டர் இன்ஜினுக்கு இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். மலிவாகக் கிடைப்பதால் பலரும் வாங்குவது இதைத்தான். இது பழைய வி8ஐவிட ஓரளவுதான் லேசு என்பதால், ஸ்பிரிங்கைத் தொடவேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். இன்ஜினை மாற்றினோம், அதனால் ஸ்பிரிங்கையும் மாற்றுவோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் இந்தக் கழித்தலைச் செய்து பார்க்கலாம்.

கழித்தலைவிட நம்பகமானது எடை மேடை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் இடங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் மேடைகள் ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக நிறுத்துச் சீட்டு தருகின்றன. இன்ஜினைக் கழற்றும் முன் ஒருமுறை, புது இன்ஜின் எண்ணெய், தண்ணீர், பேட்டரி சகிதம் உட்கார்ந்த பின் ஒருமுறை முன் அச்சை நிறுத்துவிட்டால் ஊகத்துக்கு வேலை இல்லை. முன்னால் நிறுக்க மறந்தவர்களுக்கும் இரண்டாவது எடை போதும்; என்ன தாங்க வேண்டும் என்பதைத்தானே ஸ்பிரிங் கேட்கிறது.

கூடிய எடை முழுவதும் முன் சக்கரங்களுக்குப் போவதில்லை. இன்ஜினின் எடைமையம் முன் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். குட்டை எஸ்-10இன் இரு அச்சுகளுக்கும் இடையே 2.75 மீட்டர். எடைமையம் முன் அச்சிலிருந்து கால் மீட்டர் பின்னால் என்று வைத்தால், 100 கிலோ கூடும்போது முன் அச்சு ஏற்பது 91 கிலோ, ஒரு சக்கரத்துக்கு 45 கிலோ. கியர்பெட்டியும் கனமாகியிருந்தால் அதை இந்தக் கணக்கில் போடக்கூடாது. அது வண்டியின் நடுவை ஒட்டி இருப்பதால் பின் அச்சோடு பங்கு போட்டுக்கொள்ளும்.

ஒரு சக்கரத்தின் கணக்கு

கணக்கு பிடிபட ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் அச்சு 760 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 380. அதில் டயர், ரிம், பிரேக், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் ஆர்ம்களின் பங்கு என 40 கிலோவைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் அவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. மிச்சம் 340 கிலோதான் ஸ்பிரிங் தாங்குவது.

ஆனால் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை. லோயர் ஆர்மின் நடுப்பகுதியில், சேசிஸை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 5.5 மி.மீ.தான் சுருங்குகிறது என்று கொள்வோம். நெம்புகோல் விதிப்படி 340 கிலோவைத் தாங்க ஸ்பிரிங் 618 கிலோவுக்கான விசையைத் தர வேண்டும். விறைப்பு விஷயத்தில் இந்த விகிதம் இருமுறை பெருகுகிறது: 0.55ஐ 0.55ஆல் பெருக்கினால் 0.30. மில்லிமீட்டருக்கு 75 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங், சக்கரத்தில் வெறும் 22.7 நியூட்டனாகத்தான் தெரியும். கேட்டலாக்கில் பெரிய எண்ணைப் பார்த்து மிரள்கிறவர்களும் மயங்குகிறவர்களும் மறப்பது இந்தப் பெருக்கலைத்தான்.

இந்த ஸ்பிரிங்கோடு மாதிரி வண்டியின் முன்பக்கம் வினாடிக்கு 1.3 முறை ஆடும். இப்போது சக்கரத்துக்கு 45 கிலோ கூடுகிறது. பழைய ஸ்பிரிங்கோடு முன்பக்கம் 19 மி.மீ. தணியும். ஆட்டம் வினாடிக்கு 1.22 முறையாகக் குறையும், அதாவது வண்டி சற்று மெத்தென்று ஆகும். ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடுவதே சந்தேகம். பழைய 1.3ஐ மீட்க வேண்டுமானால் விறைப்பு 13 சதவீதம் கூட வேண்டும்.

பதின்மூன்று சதவீதம் என்பது கையில் எவ்வளவு? காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்காக ஏறும். 16 மி.மீ. கம்பிக்குப் பதில் 16.5 மி.மீ. கம்பியில் செய்த ஸ்பிரிங் சரியாக 13 சதவீதம் விறைப்பு அதிகம். அரை மில்லிமீட்டரைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வெர்னியர் வைத்தால்தான் தெரியும். ‘பார்த்தாலே கட்டியா இருக்கு’ என்று தேர்ந்தெடுத்த ஸ்பிரிங் தேவையைத் தாண்டிப் போவதற்குக் காரணம் இதுதான்.

மாதிரி வண்டியில் ஸ்பிரிங் உட்காரும் இடத்தின் உயரம் 28 செ.மீ. என்றால், பழைய ஸ்பிரிங்கின் சுதந்திர நீளம் 36.1 செ.மீ.; 81 மி.மீ. அமுங்கி நிற்கிறது. புதிய பளுவுக்கு அதே உயரத்தில் 700 கிலோவுக்கான விசை தேவை. இதற்கு வழி பல. அதே 36.1 செ.மீ. நீளத்தில் 13 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங் போடலாம். பழைய விறைப்பிலேயே சுமார் 1 செ.மீ. நீளமான ஸ்பிரிங் போடலாம். 110 நியூட்டன் விறைப்புள்ள முரட்டு ஸ்பிரிங் போட்டால் அதன் நீளம் 34.2 செ.மீ.யாக இருக்க வேண்டும். இதை யோசிக்காமல் 36.1 செ.மீ. நீளத்திலேயே அந்த முரட்டு ஸ்பிரிங்கை வாங்கினால் முன்பக்கம் பழைய உயரத்தையும் தாண்டி ஏறத்தாழ 3.4 செ.மீ. மேலே போய் நிற்கும், ஆட்டம் 1.48 முறைக்கு ஏறி, குழிக்குக் குழி உதைக்கும். அதைக் கண்டதும் சிலர் அறுக்கும் சக்கரத்தை எடுக்கிறார்கள்.

அறுப்பது தவறான வழி என்று ஒரேயடியாக ஒதுக்கத் தேவையில்லை. வேலை செய்யும் சுருள்கள் 8 உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் நீளம் குறையும், விறைப்பு 14 சதவீதம் கூடும். உயரம் குறைய வேண்டும், விறைப்பு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை என்கிற இடத்தில் இது உதவும். பெரிய இன்ஜினுக்கான ஸ்பிரிங்கை வாங்கி அரைச் சுருள் அறுத்துப் பொருத்துவது பழைய கைவினைஞர்களின் வழக்கம். முனை வெறுமனே வெட்டி முடிந்த ஸ்பிரிங்கைத்தான் அறுக்கலாம். முனைச் சுருள் உள்வாங்கிக் குறுகியதை அறுத்தால் அது இருக்கையில் உட்காராது. எரிவாயு டார்ச்சால் அறுக்கவும் கூடாது. கம்பியைச் சூடாக்கித் தாழ்த்துவது இன்னும் மோசம். சூட்டில் எஃகின் விறைப்பு பெரிதாக மாறாது, பதம்தான் போகும். பதம் போன சுருள் நாளுக்கு நாள் உட்கார்ந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையையும் தொட வேண்டும். முப்பது வருஷ ஸ்பிரிங் ‘தளர்ந்துவிட்டது’, விறைப்பு போய்விட்டது என்பார்கள். விறைப்பு கம்பித் தடிமன், சுருள் விட்டம், சுருள் எண்ணிக்கை, எஃகின் நறுக்கு நெகிழ்ச்சி எண் ஆகியவற்றால் தீர்மானமாவது. துருப்பிடித்துக் கம்பி மெலியாதவரை வயதால் இவற்றில் எதுவும் மாறாது. குறைவது சுதந்திர நீளம். புது இன்ஜின் போட்டதும் முன்பக்கம் 4 செ.மீ. தணிந்தது என்றால், அதில் பாதி இன்ஜினுக்கு முன்பே தணிந்திருக்கலாம். பழைய ஸ்பிரிங்கை அளவுகோலாக வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

தேடும் இடங்கள்

அதே வண்டிக்கே நிறுவனம் கனமான இன்ஜின் தந்திருந்தால் வேலை பாதி முடிந்தது. 1973 முதல் 1987 வரையிலான சி10 வரிசையில் ஆறு சிலிண்டரும் உண்டு, சிறிய வி8உம் உண்டு, பெரிய வி8உம் உண்டு. கேட்டலாக்கில் தன் புதிய எடைக்கு நெருக்கமான இன்ஜின் உள்ள வரியைப் பார்த்து வாங்கினால் போதும். எஸ்-10க்கு வி8 வரியே இல்லை. அதனால் 1988 முதல் வந்த 4.3 லிட்டர் வி6, ஏசி, ஆட்டோமேட்டிக் கியர் எல்லாம் சேர்ந்த மாடலுக்கான ஸ்பிரிங்கை எடுப்பது வழக்கம். 4.3 என்பது அந்தச் சிறிய வி8இலிருந்து இரண்டு சிலிண்டரைக் கழித்த வடிவம்தான். அதனால் 4.3 வண்டிக்கு வி8 போடுகிறவர்களுக்குக் கூடும் எடையும் சொற்பம். பலருக்கு அந்த ஸ்பிரிங்கோடு சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பேசரே போதுமானது. ஸ்பேசர் பளுவுக்கான விடை, விறைப்பைத் தொடாது. நமது மாதிரி வண்டியில் 1 செ.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் 1.8 செ.மீ. உயர்த்தும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

தொழிற்சாலையே இந்த விஷயத்தில் நுணுக்கமாக இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளின் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளில் மூன்றெழுத்துக் குறிகள் வரிசையாக இருக்கும். 6, 7 என்ற எண்களில் தொடங்குபவை முன் இடது, முன் வலது ஸ்பிரிங்குகளைக் குறிப்பவை. 8, 9 பின்பக்கத்துக்கு. கணினியால் தேர்ந்தெடுத்த சஸ்பென்ஷன் என்றே நிறுவனம் இதை அழைத்தது. வாங்கியவர் கேட்ட துணைக்கருவிகளின் எடையைக் கூட்டி ஒவ்வொரு மூலைக்கும் தனித்தனியாக ஸ்பிரிங் ஒதுக்கினார்கள். இடதும் வலதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு ஏசி கம்ப்ரசருக்காக ஸ்பிரிங் குறியை மாற்றியவர்கள் அவர்கள்.

மூக் போன்ற உதிரிபாகக் கேட்டலாக்குகளில் கம்பித் தடிமன், உள்விட்டம், சுதந்திர நீளம், விறைப்பு, பொருத்திய உயரம், அந்த உயரத்தில் தாங்கும் பளு, முனையின் வகை எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசிக்கு முந்தைய கட்டம்தான் நமக்கானது. அதில் 700 கிலோவுக்கு நெருங்கிய வரிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றுள் விறைப்பு பழையதைவிடச் சற்றே கூடியதை எடுக்க வேண்டும். விட்டமும் முனை வகையும் ஒத்துப்போகாவிட்டால் மற்ற எதுவும் பயனில்லை.

பொருத்தும்போது ஒரு சின்னச் சோதனை உண்டு. லோயர் ஆர்மில் ஸ்பிரிங் உட்காரும் குழிவில் இரண்டு துளைகள் இருக்கும். ஸ்பிரிங்கின் முனை ஒரு துளையை முழுதாகவோ பாதியாகவோ மூடி, மற்றதைத் திறந்துவிட்டிருந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. முனை திரும்பி வேறெங்கோ நின்றால் அந்தப் பக்கம் உயரமாக நிற்கும். பிறகு ஸ்பிரிங் மேல் பழி போட்டு, மாற்றிக் கேட்டு ஒரு வாரம் ஓடும். ஆர்மின் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் முறுக்கிய ரப்பரும் ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்து உயரத்தைக் கெடுக்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். அமுங்கிய ஸ்பிரிங் 600 கிலோவுக்கு மேல் விசையோடு காத்திருக்கிறது என்பதால் சங்கிலி கட்டாமல் ஆர்மை இறக்குவது கைகாலைப் பணயம் வைக்கிற வேலை.

விறைப்பை எப்போது கூட்ட வேண்டும்?

பளுவைச் சரிசெய்த பிறகு விறைப்புக்கு வருகிறோம். அதைக் கூட்ட உண்மையான காரணம் ஒன்று உண்டென்றால், பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் தடுப்புதான். ஆர்முக்கும் தடுப்புக்கும் இடையே சக்கர அளவில் 60 மி.மீ. இருந்த வண்டி 19 மி.மீ. தணிந்தால் மிச்சம் 41. பிரேக் பிடித்துக்கொண்டே வளைவில் திரும்பும்போது ஆர்ம் தடுப்பில் போய் முட்டும். அந்த நொடியில் முன்பக்கத்தின் விறைப்பு திடீரென்று பலமடங்காகி, வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். உயரத்தை மீட்டாலே இடைவெளியும் திரும்பிவிடுகிறது. அதற்கு மேலும் முட்டினால் 10, 15 சதவீதம் விறைப்பு கூட்டுவது நியாயம்.

வளைவில் சாய்வதைத் தடுக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்குவது எனக்கு ஒப்புதல் இல்லாத வழி. தடிமனான ஸ்வே பார் அந்த வேலையைச் செய்யும், நேர்ச்சாலையில் பயணத்தையும் கெடுக்காது. ஷாக் அப்சார்பர் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டாம். எடையும் விறைப்பும் 13 சதவீதம் கூடினால் தேவையான தணிப்பும் அதே 13 சதவீதம்தான் கூடும். பழையது எண்ணெய் கசிந்தால் மாற்றத்தான் வேண்டும், அது வேறு கணக்கு.

ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த மாரிஸ் ஓலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1930களின் தொடக்கத்தில் காடிலாக் வண்டியில் எடைகளை இடம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்: முன்பக்கம் பின்பக்கத்தைவிட மெதுவாக ஆட வேண்டும். மேட்டில் முன் சக்கரம்தான் முதலில் ஏறுகிறது. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் எட்டிப் பிடித்து, இரண்டும் சேர்ந்தே எழுந்து தாழும். காலியாக ஓடும் பிக்கப்பின் பின்பக்கம் சுமைக்காகவே விறைப்பாக அமைந்தது என்பதால், முன்பக்கத்தைக் கொஞ்சம் விறைப்பாக்கினாலும் இந்த விதி உடைவதில்லை. பெட்டியில் சுமை ஏறினால் பின் ஆட்டம் மெதுவாகும். முன்பக்கத்தில் முரட்டு ஸ்பிரிங் போட்டவர் அப்போதுதான் வண்டி குதிரையாட்டம் ஆடுவதாகச் சொல்லத் தொடங்குவார்.

காயில் இல்லாத வண்டிகள்

எஸ்-10இன் நான்கு சக்கர இயக்க மாடலில் காயிலுக்குப் பதில் டார்ஷன் பார், முறுக்கிக்கொள்ளும் நீண்ட எஃகுத் தண்டு. அதன் முனையில் இருக்கும் போல்ட்டைத் திருகினால் முன்பக்கம் எழும். எழுவதைப் பார்த்து விறைப்பு கூடிவிட்டதாக நினைக்கிறார்கள். போல்ட் மாற்றுவது உயரத்தை மட்டும். விறைப்பு தண்டின் தடிமனிலும் நீளத்திலும் இருக்கிறது. எடை கூடியதற்கு ஈடாகச் சில சுற்று திருகுவது ஸ்பேசர் வைப்பதற்குச் சமம், அதில் தவறில்லை. பழைய உயரத்தைத் தாண்டித் திருகினால் சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் போய்விடும், அரைத்தண்டு மூட்டுகளும் கோணலில் உழைத்துத் தேயும்.

ஃபோர்டு 1965இல் எஃப்-100க்குக் கொண்டுவந்த ட்வின் ஐ-பீம் இன்னொரு வகை. இரண்டு நீண்ட உத்தரங்கள் குறுக்கே போய் எதிர்ப்பக்கச் சேசிஸில் மாட்டியிருக்கும். உயரம் மாறும்போதெல்லாம் சக்கரத்தின் சாய்வும் மாறும். முன்பக்கம் தணிந்தால் டயரின் உள்விளிம்பு தேயும், எழுந்தால் வெளிவிளிம்பு. பழைய இரும்பு வி8ஐ எடுத்துவிட்டு 2011 முதல் வந்த அலுமினிய 5.0 லிட்டர் கயோட்டியைப் போடுகிறவர்கள் சந்திப்பது இரண்டாவதை. அவர்களுக்குத் தேவை பளு குறைந்த ஸ்பிரிங்.

லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில் பட்டை சேர்ப்பது எளிது, ஆனால் உயரமும் விறைப்பும் சேர்ந்தே ஏறும். தனித்தனியாக மாற்ற வேண்டுமானால் பட்டைகளின் வளைவை மாற்றியமைக்க வேண்டும். காயிலோவர் எனும் ஷாக்கோடு சேர்ந்த ஸ்பிரிங், திருகி உயரத்தை மாற்றலாம் என்பதால் கவர்ச்சியானது. பழைய ஷாக் மாட்டும் இடம் வண்டியின் எடையைத் தாங்கச் செய்ததில்லை. சேசிஸில் புதிய தாங்கியைப் பற்றவைக்காமல் மாட்டினால் விரிசல் விடும்.

எந்த வகையானாலும் உயரத்தை அளக்க நிறுவனம் சொன்ன முறை ஒன்றே: பம்பரைக் கையால் சுமார் 38 மி.மீ. தூக்கி விடுவது, மூன்று முறை, அளப்பது. பிறகு அதே அளவு அமுக்கி விடுவது, மூன்று முறை, அளப்பது. இரண்டின் சராசரியே உண்மையான உயரம். மூட்டுகளின் உராய்வு வண்டியை உண்மை உயரத்துக்கு மேலேயோ கீழேயோ பிடித்து வைத்திருக்கும், அதற்காகத்தான் இந்தச் சடங்கு. புது ஸ்பிரிங் ஓட ஓடச் சற்று உட்காரும் என்பதால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி அளந்து, அப்புறம் வீல் அலைன்மென்ட் செய்வது சிக்கனம்.

ஸ்பிரிங்கால் தீர்க்க முடியாத எல்லையும் உண்டு. 1989 மாடலில் டாட்ஜ் தன் பிக்கப்புகளில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசலை வைத்தது. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள அந்த இன்ஜினை 250, 350 வகை கனரக பிக்கப்புகளில்தான் தந்தது. அரை டன் 150 வகையில் தரவில்லை. அதை அரை டன் வண்டியில் ஏற்றுகிறவர், முன்பக்கம் தணியாத அளவுக்கு ஸ்பிரிங் கண்டுபிடித்துவிடலாம், கடினமில்லை. ஆனால் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் முன் அச்சுக்கு அனுமதித்த உச்ச எடை அச்சடித்திருக்கிறது. அந்த எண் பேரிங், பால் ஜாயின்ட், பிரேக், ரிம், டயர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னது. ஸ்பிரிங் மாறியதால் ஒரு கிலோகூட ஏறாது. எடை மேடைச் சீட்டு அந்த எண்ணைத் தாண்டினால், 250 வகையின் முன் அச்சையே பிரேக்கோடு எடுத்து மாற்றுவதுதான் வேலை. அந்த அச்சுக்கான ஸ்பிரிங்கும் அதே வண்டியிலிருந்தே வந்துவிடும்.